அல்லி இலை கிழிந்த கதை

அந்தக் காலத்தில் கண்மாய்ப் பக்கம் போனால் காது கொடுக்க முடியாது. தவளை மட்டுமா, கொட்டிப்பூவும் நெய்தலும்கூட வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அப்படி ஒரு கண்மாயில் நெடுவிரலான் என்று ஓர் இலைக்கோழி இருந்தான். உடம்பு ஒரு பிடிதான். கால்விரல்களோ உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். அந்த விரல்களை அகல விரித்து, மிதக்கிற இலைகளின்மேல் வரப்பில் போவது போல நடந்து போவான். அந்தக் கண்மாயில் அவன் கால் படாத இலையே கிடையாது. அதனால் ஒரு பெரிய பொறுப்பும் அவன் தலையில் விழுந்திருந்தது.

மழை பெய்து கண்மாய் நிறைந்ததும் புதிதாக முளைத்த செடிகளெல்லாம் அவன் முன்னால் தலையை நீட்டும். எது எந்த வகையறா என்று அவன்தான் சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் யாருக்கு யார் பங்காளி, யாரோடு யார் சம்பந்தம் வைத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான். நெய்தலும் அல்லியும் அக்கா தங்கை என்றான். சரியாக இருந்தது. ஆகாயத்தாமரைக்குப் பெயரில்தான் தாமரை, மண்ணில் வேர் ஊன்றாத அவள் தனிக் கூட்டம் என்றான். அதுவும் சரி. அடுத்து, தாமரையும் அல்லியும் ஒரே வகையறா என்றான். அங்கேதான் கோட்டை விட்டான்.

அவனையும் குறை சொல்ல முடியாது. அப்போது அல்லி இலையும் தாமரை இலை போலவே முழு வட்டம். அல்லிக்காயும் தாமரைக்காய் போலவே தண்ணீருக்கு மேலே வெயிலில் நிமிர்ந்து நிற்கும்.

கண்மாயில் வயதில் மூத்த ஆமைதான் முதலில் மறுத்தார். "ஏப்பா நெடுவிரலா, மேலயே நடந்துட்டு வகையறா சொல்லிப்புட்டியே. கீழ எறங்கிப் பாத்தியா? தாமரைத் தண்டு பூராம் முள்ளு. அல்லித் தண்டு வழுவழுன்னு இருக்கு. கெழங்குகூட வேற வேறப்பா."

"பெரியப்பு, நீங்க சேத்துலயே கெடக்குறவுக. வட்ட இல, அடுக்கு இதழு, நிமுந்த காயி. இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போய்விட்டான் நெடுவிரலான்.

அந்த வருஷம் அவன் வீட்டுக்காரி நான்கு முட்டைகள் இட்டாள். இட்டவள் பக்கத்துக் கண்மாய்க்குப் பறந்துவிட்டாள். இலைக்கோழிகளில் அதுதான் வழக்கம். முட்டை இடுவதோடு அவள் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்பிள்ளை பாடு. நெடுவிரலான் அதற்கு முகம் சுளிக்கிறவன் இல்லை. அந்த முட்டைகளென்றால் அவனுக்கு உயிர்.

தாமரையின் இளம் இலை ஒன்று தண்ணீரோடு தண்ணீராகப் பரந்து கிடந்தது. அதன்மேல் நாலு பாசிக்கொடியைப் போட்டு முட்டைகளை வைத்தான்.

தாமரை பதறிப்போனாள். "அண்ணே, வேணாம்ணே. என் இல இப்படியே படுத்துக் கெடக்காது. எந்திரிச்சிரும்."

"எந்திரிக்குமா? உன் அக்கா அல்லி இல எந்திரிக்குதா?"

"அவ இல எந்திரிக்காதுண்ணே. என்னோடது வேற மாதிரி."

"ஒரே வகையறாவுல அதென்ன வேற மாதிரி? நாஞ் சொன்னாச் சொன்னதுதான் தங்கச்சி. பேசாம இரு."

தாமரையும் தன்னால் ஆனமட்டும் அடக்கித்தான் பார்த்தாள். ஆனால் வளர்கிற தண்டை எத்தனை நாள் அமுக்கி வைப்பது? இலை மெல்ல மெல்லத் தண்ணீரை விட்டு மேலே எழுந்தது. நெடுவிரலான் தன் பாரத்தால் அமுக்கிவிடலாம் என்று முட்டைகள்மேல் அழுத்தி உட்கார்ந்தான். இலை அவனையும் சேர்த்துத் தூக்கியது. அப்போதுகூடத் தன் சொல் தப்பு என்று அவனுக்கு ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஒரு மத்தியானம், பசி தாங்காமல் பூச்சி பொறுக்கக் கொஞ்சம் தள்ளிப் போனான். காற்று கிளம்பியது. இலை ஒரு பக்கம் சாய்ந்தது.

தாமரை இலையில் தண்ணீரே நிற்காது, முட்டை நிற்குமா? நான்கும் பாசியோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போயின. "அய்யோ, என் பிள்ளைக!" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தான் நெடுவிரலான். மூன்று முட்டைகள் பக்கத்தில் இருந்த அல்லியின் இலையில் விழுந்து நின்றுவிட்டன. நான்காவது, இலைக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் விழுந்து மூழ்கியது.

அல்லிக்கு அப்போதுதான் தலைப்பூ உதிர்ந்து காய் பிடித்திருந்தது. தண்டின் நுனியில் அந்தப் பிஞ்சை வெயிலுக்குக் காட்டிக் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் போன காய் அழுகிவிடும் என்பது கண்மாயில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தும் அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வழியை மறித்த தன் இலையை விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் தானே கிழித்துக்கொண்டாள். அந்தப் பிளவு வழியே தண்டை வளைத்துப் பிஞ்சோடு உள்ளே பாய்ந்தாள்.

தண்டு நீளமாக இருந்ததால் சுருட்டிச் சுருட்டித்தான் ஆழத்துக்குப் போக முடிந்தது. சேற்றில் புதைய இருந்த முட்டையைச் சுருளுக்குள் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "பெரியப்பு! ஓடியாங்க!" என்று கூப்பிட்டாள். ஆமை வந்து முட்டையை முதுகில் வாங்கி, பத்திரமாக மேலே கொண்டு வந்து மற்ற மூன்றோடு சேர்த்தார்.

முட்டை வந்துவிட்டது. அல்லியின் காய் வரவில்லை. சுருண்ட தண்டு திரும்ப நிமிரவே இல்லை.

நெடுவிரலான் அந்தக் கிழிந்த இலையில் வந்து விழுந்தான். "என் வாய்க்கொழுப்புக்கு உன் பிள்ளைய பலி குடுத்துட்டேனே ஆத்தா" என்று இலைமேல் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"அழுது முட்டைய நனைக்காதீகண்ணே" என்றாள் அல்லி. "அடகாக்குற வேலையப் பாருங்க. தாமரைய ஒண்ணும் சொல்லிறாதீக. அவ முன்னாடியே சொன்னாள்ல."

கிழிந்த இலையின்மேலேயே உட்கார்ந்து அடைகாத்தான். நான்கும் பொரித்தன. இனி எந்த இலையையும் நம்புவதில்லை என்று குஞ்சுகளைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டே நடந்தான். குஞ்சுகளின் கால்கள் மட்டும் வெளியே தொங்கும். போகும்போதும் வரும்போதும் அந்தப் பிளவு வழியாகத் தண்ணீருக்குள் எட்டிப் பார்ப்பான். இருட்டுத்தான் தெரியும்.

ஒரு காலை அந்த இடத்தில் குமிழி கிளம்பியது. பின்னாலேயே கடுகைவிடச் சின்னதாக ஒரு விதை, கண்ணாடி போன்ற வழுவழுப்பான மேலாடை போர்த்திக்கொண்டு மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் கூட்டம் கூட்டமாக வந்தன. கீழே காய் அழுகவில்லை. காயைக் கொத்த வரும் கிளிக்கும் வெயிலுக்கும் தப்பி, நிதானமாகப் பழுத்து வெடித்திருந்தது. பிள்ளைகள் கண்மாய் முழுக்கப் பரவிப் போவதைப் பார்த்து அல்லி சிரித்த சிரிப்பில் அவளுடைய இலைகளெல்லாம் குலுங்கின.

நெடுவிரலான் எல்லோரையும் கூட்டினான். "நாஞ் சொன்னது தப்பு. மேலாப்புல பாத்துட்டுச் சொல்லிட்டேன். தாமரை எந்திரிக்கப் பிறந்தவ. முள்ளுத் தண்டு, முழு இல, வானத்தப் பாத்த காயி. அவ தனி வகையறா. அல்லியும் நெய்தலும் எறங்கத் தெரிஞ்சவுக. அவுக வேற வகையறா. ரெண்டும் பெரிய வகையறாதான், ஒண்ணுக்கொண்ணு எளப்பமில்ல."

"இப்பவாச்சும் கீழ பாத்தியேப்பா" என்றார் ஆமை.

அல்லி பிறகு எத்தனையோ புது இலைகள் விட்டாள். ஒன்றைக்கூட முழு வட்டமாக விடவில்லை. "எதுக்கு ஆத்தா இன்னும் அந்தக் கிழிசல்?" என்று நெடுவிரலான் ஒருநாள் கேட்டான்.

"இன்னொருத்தர் பிள்ள விழுந்தா, அப்பப் போயி கிழிச்சுக்கிட்டு இருக்க முடியுமாண்ணே?" என்றாள் அவள்.

அந்த மழைக்காலத்திலிருந்துதான் தாமரை தன் காயை வெயிலில் தூக்கிப் பிடிக்க, அல்லி பூ வாடியதும் தண்டைச் சுருட்டித் தண்ணீருக்குள் காயை இறக்கிக்கொள்கிறாள். அவளுடைய ஒவ்வோர் இலையிலும் விளிம்பிலிருந்து காம்பு வரைக்கும் ஒரு வழி திறந்தே இருக்கிறது.