ரெண்டாவது பக்கத்து நிலா

"நாலாவது தடவையா திருப்பி அனுப்பியிருக்கீங்க மேடம். என் படத்துல என்னதான் குறை?"

கேட்டவர் பொன்னுரங்கம். வயது நாற்பத்தாறு. இருபது வருஷம் வாரப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தவர். பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றுபோனதும், கோவையில் இந்தச் சின்ன மென்பொருள் கம்பெனிக்கு வேலை கற்றுக்கொள்ள வந்தார்.

கற்றுக்கொடுப்பவர் தில்ஷாத். வயது முப்பத்தொன்று.

கம்பெனி செய்துகொண்டிருந்தது ஒரு செயலி. காது கேட்பதற்காக மாட்டும் மெஷினை, கைப்பேசியிலிருந்தே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதன் செட்டிங்ஸ் பக்கங்களுக்குப் பதினாலு சின்னங்கள். பதினாலையும் பொன்னுரங்கம் வரைந்திருந்தார். சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்தும் இருந்தார்கள்.

"படம் அழகா இருக்கு சார்."

"அப்புறம்?"

"நான் சொல்லிடலாம். நீங்களும் சரின்னு தலையாட்டிடுவீங்க."

தில்ஷாத் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார்.

"வாங்க. பாக்கியம்மா வீட்டுக்குப் போயிட்டு வருவோம்."

பாக்கியம்மா அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். இரண்டு காதிலும் மெஷின்.

வாசலிலேயே அவருடைய கணவர் சொக்கலிங்கம் இருவரையும் மறித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க. ரெண்டு நாளா எங்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குது. எது கேட்டாலும் ஆமாங்குது, போயிடுது."

"சண்டையாங்க?"

"அதுதான் தெரியல. ஒழுகற குழாயைச் சரிபண்ணினேன். மல்லிகை வாங்கிக் கொடுத்தேன். ஜாங்கிரி கூட வாங்கிட்டு வந்தேன்."

உள்ளே பாக்கியம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்றார் தில்ஷாத்.

"காபியே போடறேன்."

"ஆப் எல்லாம் சரியா வேலை செய்யுதுங்களா?" என்றார் பொன்னுரங்கம்.

"ஆமா, ஆமா. உக்காருங்க."

தில்ஷாத் பாக்கியம்மாவின் முகத்தையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, அவருடைய கைப்பேசியைத் தரும்படி சைகை காட்டினார். பாக்கியம்மா தயங்கித்தான் கொடுத்தார். தில்ஷாத் அதைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினார்.

பொன்னுரங்கம் செட்டிங்ஸைத் திறந்தார். முதல் பக்கம் சரியாக இருந்தது. இரண்டாவது பக்கத்தில் ஒரு முழுநிலா பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அவர் வரைந்த நிலா. ஊரடங்கிய அமைதி என்று நினைத்து வரைந்தது. அதை அமுக்கினால் மெஷின் இரண்டும் சத்தத்தை நிறுத்திவிடும்.

அவர் அதை அமுக்கினார். பச்சை அணைந்தது.

பாக்கியம்மாவின் கை சட்டென்று காதுக்குப் போனது. தலைக்கு மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து சொக்கலிங்கம் வாசல்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்னாவது சொல்லு பாக்கியம்."

பாக்கியம்மா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கேக்குதுங்க," என்றார். "நீங்க பேசறது கேக்குது."

"ஏன், முன்னாடி கேக்கலையா?" என்றார் கணவர்.

"பேட்டரி ரெண்டு வாட்டி மாத்திப் பார்த்தேன். இருந்த கொஞ்சமும் போயிருச்சுன்னு நினைச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சொக்கலிங்கம் உள்ளே வந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மனைவியின் தோளில் கிடந்த இஞ்சுடேப்பை எடுத்துச் சுருட்டினார்.

"நான் பாட்டுக்கு ஜாங்கிரி வாங்கிட்டு வந்தனே."

"ஜாங்கிரி நல்லாத்தான் இருந்துச்சு," என்று பாக்கியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் கைப்பேசியைக் காட்டிக் கேட்டார்.

"இதை எதுக்கும்மா அமுக்கினீங்க?"

"மொதப் பக்கத்துல நிலாவை அமுக்கினா வெளிச்சம் குறையுது. கண்ணு கூசாம இருக்கு. ரெண்டாவது பக்கத்துலயும் நிலா இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் குறையட்டும்னு அமுக்கினேன்."

"அது பிறை நிலாங்கம்மா. இது முழு நிலா. ரெண்டும் வேற."

பாக்கியம்மா அவரைக் கனிவாகப் பார்த்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நிலா மொத்தம் எத்தனை இருக்குதுங்க தம்பி?"

பொன்னுரங்கம் தில்ஷாத்தைப் பார்த்தார். தில்ஷாத் ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார்.

அன்று கிளம்பும் முன், பன்னிரண்டு பேரின் கைப்பேசியிலிருந்தும் அந்தச் சின்னங்களை எடுத்துவிடும்படி பொன்னுரங்கமே தில்ஷாத்திடம் கேட்டுக்கொண்டார்.

மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தார். நிழலை எடுத்தார். வளைவு நெளிவுகளை எடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே தடிமனில் கோடு. ஒரு வேலைக்கு ஒரு படம். அந்தப் படத்துக்கு வேறு வேலை கிடையாது. சத்தத்தை நிறுத்த, ஒரு காதும் அதன் குறுக்கே ஒரு கோடும். கீழே 'சத்தம் நிறுத்து' என்று எழுத்திலும் போட்டார். வெளிச்சத்துக்கு வெறும் பல்பு.

நாலாம் நாள் காலை பதினாலையும் தில்ஷாத்தின் மேஜையில் பரப்பினார்.

"இப்போ சரியா இருக்கா மேடம்?"

தில்ஷாத் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சிரித்தார்.

"என்கிட்ட எதுக்கு சார் காட்டறீங்க?"

பொன்னுரங்கம் தாள்களை அடுக்கினார். பைக் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.