அக்கரைத் தேன்

ஆற்றோரக் காடு ஒன்றில் பொறையன் என்ற உடும்பு அரசாங்க வேலையில் இருந்தான். கொடுக்க வேண்டிய பங்கைக் கொடுக்காமல் ஒளிப்பவர்களையும், பொய் சொல்லிப் பங்கு வாங்குபவர்களையும் கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை.

அந்தக் காட்டின் சட்டம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பழமோ, கிழங்கோ, கொட்டையோ, தேனோ, யார் எதைச் சேர்த்தாலும் ஆறில் ஒரு பங்கைச் சிங்கராஜாவின் களஞ்சியக் குகையில் கொண்டுவந்து போட வேண்டும். கோடையில் இரை தேட முடியாத நோயாளிகளுக்கும், கையில் ஒன்றுமே இல்லாத ஏழைகளுக்கும் அதிலிருந்து தினமும் ஒரு படி அளந்து கொடுப்பார்கள். அதற்கு இயலாதோர் படி என்று பெயர். ராஜாவுக்கு வயதாகிவிட்டது. வேட்டையை விட்டுவிட்டு அவரும் இதே களஞ்சியத்தில்தான் சாப்பிட்டுவந்தார். மந்திரியும் மற்ற அதிகாரிகளும் அப்படித்தான். ஆனால் அவர்களுக்குப் படிக் கணக்கு இல்லை, கூடைக் கணக்கு.

பொறையனுக்குக் கருவி அவனுடைய நாக்கு. இரண்டாகப் பிளந்த அந்த நாக்கை நீட்டிக் காற்றை ஒருமுறை துழாவினால் போதும், எந்தப் பொந்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவான். வேருக்கடியில் கொட்டைகளைப் புதைத்துவிட்டுப் பஞ்சம் பாடிய அணிலைப் பிடித்தது அவன்தான். செத்துப்போன கணவனின் பேரில் படி வாங்கிக்கொண்டிருந்த காக்கையைப் பிடித்ததும் அவன்தான். ஒரே குட்டியை நான்கு எலிக் குடும்பங்கள் மாறி மாறி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து படி வாங்கியபோது, குட்டியின் வாசனையை வைத்தே அதையும் கண்டுபிடித்தான். யாரிடமும் கைநீட்டி ஒரு முட்டைகூட வாங்கியதில்லை. அதில் அவனுக்குப் பெருமை உண்டு.

ஒரு வருடம் மழை பொய்த்துவிட்டது. களஞ்சியம் பாதிக்குக் கீழே இறங்கியது. மந்திரியாக இருந்த கருங்குரங்கு பொறையனைக் கூப்பிட்டு, காட்டில் மோசடிக்காரர்கள் பெருகிவிட்டார்கள், அதனால்தான் இந்த நிலை என்றார். முள்ளி என்ற முள்ளம்பன்றிமேல் புகார் வந்திருப்பதாகவும், அவளிடமிருந்தே ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னார்.

முள்ளியின் கணவனைச் சிறுத்தை கொண்டுபோய்விட்டது. அவளுடைய முன்னங்கால் ஒன்று வேடன் வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கி மடங்கிப்போயிருந்தது. இரண்டு குட்டிகள். அவள் இயலாதோர் படி வாங்கிக்கொண்டே கிழங்கும் தோண்டுகிறாள் என்பதுதான் புகார்.

பொறையன் அவளுடைய வளைக்கு எதிரே சருகுக்குள் புதைந்து படுத்துக்கொண்டான். எறும்பு கடித்தது. அசையவில்லை. வெயில் முதுகைப் பொசுக்கியது. அப்போதும் அசையவில்லை. சில நாள் காத்திருந்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் முள்ளி வெளியே வந்தாள். மடங்கிய காலை இழுத்துக்கொண்டே ஒரு புதர் அருகே போனாள். நல்ல காலாலும் பல்லாலும் மண்ணைக் கிளறினாள். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினாள். கடைசியில் விரல் தடிமனில் ஒரு கிழங்கு வந்தது. அதைக் கடித்து இரண்டாக்கிக் குட்டிகளுக்குக் கொடுத்தாள். தான் நக்கிக்கூடப் பார்க்கவில்லை.

பொறையன் சருகை உதறிக்கொண்டு எழுந்தான்.

“முள்ளி, நீ கிழங்கு தோண்டினாய். நான் பார்த்தேன்.”

அவள் மறுக்கவில்லை. படியின் அளவைக் குறைத்துவிட்டார்கள், குட்டிகள் அழுதன, அதனால் தோண்டினேன் என்றாள். இந்த ஒரு கிழங்குக்கே மூன்று முறை தோண்டி, முடியாமல் நிறுத்தினேன் என்றும் சொன்னாள்.

“தோண்ட முடிகிறவர்களுக்குப் படி கிடையாது. இது நான் போட்ட சட்டம் இல்லை” என்றான் பொறையன்.

மறுநாளே அவளுடைய படி நின்றது. சபையில் மந்திரி பொறையனை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். சுனைக்குப் பக்கத்தில் குளிர்ச்சியான ஒரு பாறைப் பொந்து அவனுக்குப் பரிசாகக் கிடைத்தது. அதில் படுத்தால் ஏனோ தூக்கம் வரவில்லை. இடம் புதிது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு இன்னொரு உத்தரவு வந்தது. முள்ளி இதுவரை வாங்கித் தின்ற படியையும் திருப்பி வசூலிக்க வேண்டுமாம். பொறையன் போனான். வளை காலியாக இருந்தது. பக்கத்துப் புதரிலிருந்த முயல், அவள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டாள் என்றது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது. வசூல் உத்தரவு வந்த பிறகு சும்மா திரும்ப முடியாது. பொறையனும் ஆற்றில் இறங்கினான்.

அக்கரையில் ஏறியதும் நாக்கை நீட்டினான். முள்ளியின் வாசனை வரவில்லை. தேன் வாசனை வந்தது. மேலும் நடக்க நடக்க வேறு எந்த வாசனையுமே இல்லை.

அங்கே ஒரு பெரிய மருதமரம் நின்றது. அடியிலிருந்து கிளைவரை பொந்து. அந்தப் பொந்து முழுக்கத் தேனடைகள் அடுக்கியிருந்தன. மரத்தடியில் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு முள்ளி காவல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது.

பொறையன் சுற்றிலும் பார்த்தான். “இன்னொரு குட்டி எங்கே?” என்று கேட்டான்.

“மணல் கொதித்தது ஐயா. சின்னவன் பாதி ஆறுவரைதான் வந்தான்.”

பொறையன் வசூல் பேச்சையே எடுக்கவில்லை. இது யாருடைய தேன் என்று மட்டும் கேட்டான்.

கரியன் என்ற கரடியின் தேன் என்றாள் முள்ளி. தினமும் விடியற்காலையில் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போவான். காவலுக்குக் கூலி ஒரு கிழங்கு.

பொறையன் ஓர் அடையை நாக்கால் தொட்டுப் பார்த்தான். வேங்கைப் பூவின் தேன். அக்கரையில் எங்கே தேடினாலும் வேங்கை மரம் கிடையாது. இவ்வளவும் இக்கரையில் எடுத்தது. இதிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் களஞ்சியத்துக்கு வந்ததில்லை. அது மட்டுமா? தனக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லிக் கரியன் தினமும் ஏழைகளுக்கான படியையும் வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் போய் விசாரி என்று பொறையனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. பொறையனும் யாரையும் கேட்டதில்லை.

அவன் முகத்தைப் பார்த்த முள்ளி பயந்துபோனாள். “இதைப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். இருக்கிற ஒரு கிழங்கும் போய்விடும்” என்றாள்.

“உன் பேர் வராது. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது” என்றான் பொறையன்.

சபை கூடியது. முள்ளியின் பேரை மட்டும் விட்டுவிட்டு, பொறையன் கண்டதை எல்லாம் சொன்னான். கரியனை அழைத்துவந்தார்கள். அவனுக்குக் கொஞ்சமும் பதற்றம் இல்லை. மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தம்பி சொன்னது அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டான். தேன் தன்னுடையதுதான், ஆனால் அது இருப்பது அக்கரையில் என்றான். “இக்கரையில் எனக்கு ஒரு சொட்டுத் தேன் இருந்தால் காட்டுங்கள் ராஜா. நான் இந்தக் காட்டில் பரம ஏழை.”

மந்திரிக் குரங்கு தொண்டையைச் செருமினார். “கரியன் செய்தது மோசடி இல்லை. அதற்கு ஏற்பாடு என்று பெயர்.”

“அப்படியானால் முள்ளி கிழங்கு தோண்டியது?” என்று கேட்டான் பொறையன்.

“அது மோசடி.”

“இரண்டுக்கும் என்ன வித்தியாசம் மந்திரி ஐயா?”

“அவள் தோண்டியதை இங்கேயே வைத்துத் தின்றாள். விவரம் போதாது” என்றார் மந்திரி. சபை தலையாட்டியது.

பொறையன் ராஜாவைப் பார்த்தான். ஒவ்வொரு திருவிழாவுக்கும் கரியனிடமிருந்து ராஜாவுக்கு ஒரு முழுத் தேனடை போவது வழக்கம். ராஜா உதட்டை நக்கிக்கொண்டு மேகத்தைப் பார்த்தார்.

அக்கரையில் வைத்திருக்கும் எதுவும் கணக்கில் வராது என்று சபை முடிவு செய்தது. சட்டத்தைச் சீர்திருத்த ஒரு குழு போட்டார்கள். கரியனே அதற்குத் தலைவன்.

சபையின் முடிவுகளைக் காட்டில் அறிவிப்பதும் பொறையனின் வேலைதான். இதையும் வழக்கம்போல் அறிவிக்கட்டுமா என்று கேட்டான். விஷயம் முடிந்தால் போதும் என்றிருந்த மந்திரி வாலை ஆட்டினார். “அறிவி, தாராளமாக அறிவி.”

பொறையன் மரம் மரமாக, புதர் புதராகப் போய் அந்த முடிவைச் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. முன்பு அவனிடம் பிடிபட்ட அணிலுக்குக் காதுகளை நம்ப முடியவில்லை.

“அப்படியென்றால் என் கொட்டைகளை நான் அக்கரையில் புதைத்தால்?”

“கணக்கில் வராது.”

“அது தப்பு இல்லையா?”

“இல்லை. அதற்கு ஏற்பாடு என்று பெயர்.”

மறுநாள் காலையில் ஆற்று மணலே தெரியவில்லை. வாயில் கொட்டைகளோடு அணில்கள், பழக்குலைகளோடு வௌவால்கள், கிழங்குகளை உருட்டிக்கொண்டு காட்டுப்பன்றிகள், அரிசி அரிசியாகத் தூக்கிக்கொண்டு எறும்புகள். எல்லாரும் அக்கரைக்குப் போனார்கள். மந்திரியின் மனைவிகூடத் தலையில் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு வரிசையில் நடந்தாள்.

களஞ்சியத்துக்கு ஒரு நெல்லிக்காய்கூட வரவில்லை. முதலில் ராஜாவின் கூடை பாதியாக வந்தது. பிறகு வெறும் கூடை வந்தது. ராஜா குகை அதிரக் கர்ஜித்தார். மந்திரி ஓடிவந்தார். அவருக்கும் வயிறு ஒட்டிப்போயிருந்தது. காட்டில் யாரிடமும் ஒன்றுமே இல்லை, எல்லாரும் ஏழைகளாகிவிட்டார்கள், இயலாதோர் படி கேட்டு வெளியே வரிசையில் நிற்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டே சொன்னார். ராஜா எட்டிப் பார்த்தார். வரிசையின் முன்னால் நின்ற காட்டுப்பன்றி பெரிதாக ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, பசி தாங்கவில்லை ராஜா என்றது.

ராஜா பொறையனைக் கூப்பிட்டு, இத்தனை பேரையும் பிடித்து உள்ளே போடச் சொன்னார்.

“மோசடி செய்தவர்களைத்தான் நான் பிடிக்க முடியும் ராஜா. இவர்கள் எல்லாரும் ஏற்பாடு செய்தவர்கள்” என்றான் பொறையன்.

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி கரியனைப் பார்த்தார். கரியன் மேகத்தைப் பார்த்தான். ராஜாவின் வயிறு மட்டும் பேசியது.

அன்று மாலைக்குள் சட்டம் மாறிவிட்டது. இக்கரையில் எடுத்த எதுவும், எங்கே வைத்தாலும் இக்கரைக் கணக்குதான். முன்பு கொடுக்காததையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நியாயம் புரிந்து ராஜா சட்டத்தை மாற்றவில்லை, பசித்ததால் மாற்றினார். அதனால் என்ன, சட்டம் மாறியது.

கரியன் மிரட்டிப் பார்த்தான். இப்படிக் கெடுபிடி செய்தால் காட்டை விட்டே போய்விடுவேன் என்றான். மந்திரி பதறி, கரியன் போய்விட்டால் காடு என்னாவது என்று கையைப் பிசைந்தார். அக்கரையில் வேங்கை மரம் கிடையாது என்பதைப் பொறையன் ராஜாவின் காதில் சொன்னான். கரியன் எங்கும் போகவில்லை. தேனடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஆற்றைத் தாண்டித் தாண்டிச் சுமந்தான். தேனீக்கள் காதையும் மூக்கையும் பதம் பார்த்தன. அதைப் பார்க்க மொத்தக் காடும் கரையில் வந்து உட்கார்ந்திருந்தது.

ராஜா முதல் அடையைக் கடித்தபோது பொறையன் இன்னும் ஒன்று கேட்டான். உடம்புக்கு முடியாதவர்கள் மிச்சமிருக்கிற தெம்பில் ஒரு கிழங்கு தோண்டினால் அதை மோசடி என்று சொல்லக் கூடாது என்றான். வாய் நிறையத் தேன் இருந்ததால் ராஜா தலையை மட்டும் ஆட்டினார். அவர் விழுங்கி முடிக்கும்வரை பொறையன் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் அதையும் அறிவித்துவிட்டான்.

பிறகு மருதமரத்துக்குப் போனான். பொந்து காலியாகிவிட்டது. முள்ளிக்குக் காவல் காக்க ஒன்றும் இல்லை.

“வாம்மா, திரும்பிப் போகலாம். படி மறுபடியும் கிடைக்கும்” என்றான். செய்தது தப்பு என்றும் சொன்னான்.

முள்ளி அவனுக்கு நன்றி சொல்லவில்லை. கோபமாகவும் பேசவில்லை. “நீங்கள் முன்னால் போங்கள். நாங்கள் வருகிறோம்” என்றாள். அவனோடு சேர்ந்து நடக்க அவளுக்கு மனமில்லை. பொறையனுக்கு அது புரிந்தது. இக்கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, நடு ஆற்று மணலில் ஓரிடத்தில் தாயும் குட்டியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவர்கள் கரையேறும்வரை அங்கேயே இருந்தான்.

மந்திரி மட்டும் எதையும் மறக்கவில்லை. மழை வந்ததும் பொறையனைத் தெற்கே ஒரு மொட்டைப் பாறைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஒரு செடியும் இல்லை, ஒரு பிராணியும் இல்லை. அங்கே நடக்கும் மோசடிகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உத்தரவு. பொறையன் மறுபேச்சுப் பேசாமல் போனான். சுனையோரப் பொந்தில் வராத தூக்கம் அந்தச் சுடுபாறையில் வந்தது.

எளியவர் செய்தால் மோசடி என்றும் வலியவர் செய்தால் ஏற்பாடு என்றும் இரண்டு பெயர் வைக்கிற சட்டத்தை, கடைசியில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.