‘சொல்லு’ சொல்லாத நாற்பது நாள்

“டீச்சர், இவன் எப்பம் பேசுவான்?”

மைக் சுடலைமணி வாசலில் நின்றபடியே கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

ஹபீபா டீச்சர் உள்ளே விரித்திருந்த பாயைக் காட்டினார்.

இது நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சங்கரன்கோவிலில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் அந்தப் பேச்சுப் பயிற்சி மையம் இருந்தது. ஒரே அறை, ஒரு மின்விசிறி, ஆறு பாய். வாசலில் மேஜை போட்டு நான்தான் பெயர் பதிவேன். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கினால், மேலே பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும்.

இப்போது அங்கே செல்போன் கடை வந்துவிட்டது. அந்த வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்ப்பேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த இடம் அது.

சுடலைமணியைத் தெரியாத ஆள் அப்போது ஊரில் கிடையாது. ஆட்டோவில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விளம்பரம் சொல்லுவார். ஆடித்தபசுத் திருவிழா, கட்சிக் கூட்டம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, யார் செத்தது, எப்போது எடுக்கிறார்கள், எல்லாம் அவர் குரலில்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் மகன் செழியனுக்கு நாலு வயசு. ஒரு வார்த்தை கிடையாது. ஆட்டிசம் என்று மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

“அப்பன் வாய்க்கு மைக்கே வேண்டாம், பிள்ளை வாயத் தொறக்க மாட்டேங்கான்” என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். ஊர் வாயை எந்த உலைமூடியால் மூடுவது?

சுடலைமணி பாயில் உட்கார்ந்தார்.

“இவங்க அம்மா குவைத்துல நர்சா இருக்கா, டீச்சர். போயி ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் நாப்பது நாள்ல லீவுல வாரா. அவ வந்து இறங்கும்போது இவன் ஒரு தடவ ‘அம்மா’ன்னு கூப்பிட்டாப் போதும். நான் வேற ஒண்ணும் கேக்கல.”

டீச்சர் துணி காயப்போடுகிற கிளிப்புகள் கிடந்த டப்பாவைச் செழியன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

டீச்சருக்கு இருபத்தெட்டு வயசு. மேலப்பாளையத்துப் பெண். சுடலைமணிக்கு நாற்பத்திரண்டு. இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவருக்குள் ஓடியது முகத்திலேயே தெரிந்தது.

சும்மா இருக்க அவரால் முடியாது. மகன் பக்கம் திரும்பினார்.

“ஏய் ராசா, டீச்சருக்கு வணக்கம் சொல்லு. இது என்னது? கிளிப். கிளிப்புன்னு சொல்லு. இது என்ன கலரு? செவப்பா? செவப்பு சொல்லு. டீச்சர் பாக்காங்கல்லா, சொல்லு.”

செழியன் அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பாயின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வரிசையாக மாட்ட ஆரம்பித்தான்.

“அண்ணாச்சி” என்றார் டீச்சர், “காலையில இருந்து இவன்கிட்ட எத்தனை கேள்வி கேட்டிருப்பீங்க?”

“அதை யாரு எண்ணிக்கிட்டு இருந்தா?”

டீச்சர் உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். புளியங்கொட்டை.

“நூறு இருக்கு. இடது பையில போட்டுக்கோங்க. ‘சொல்லு’ன்னு நீங்க சொல்லும்போதும், ‘இது என்ன’ன்னு கேக்கும்போதும் ஒண்ணை எடுத்து வலது பைக்கு மாத்துங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

மறுநாள் வந்தார்.

“கொட்டை பத்தல, டீச்சர்.”

“எப்பம் தீர்ந்துது?”

அவர் தலையைச் சொறிந்தார். “இட்லி சாப்பிட முன்னாடியே.”

“அவன் எத்தனைக்குப் பதில் சொன்னான்?”

“எங்க சொன்னான்?”

“நூறு தடவ தோத்துட்டு இட்லி சாப்பிட உக்காந்திருக்கான்” என்றார் டீச்சர். “இனிமே அந்த வார்த்தை வேண்டாம், அண்ணாச்சி.”

“எந்த வார்த்தை?”

“சொல்லு.”

“அதைச் சொல்லாம எப்படிப் பேச வைக்க?”

டீச்சர் அடுத்த பாய்க்குப் போய்விட்டார்.

அந்த வாரம் இன்னொன்று நடந்தது. சுடலைமணி சட்டைப்பையில் இருந்து பிஸ்கட் எடுத்து, மகன் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வாயைத் திறக்கவில்லை. கேட்டால்தான் தருவேன் என்று கண்ணாலேயே மிரட்டினார். ‘சொல்லு’ என்று சொல்லக் கூடாதே!

செழியன் பிஸ்கட்டைப் பார்க்கக்கூட இல்லை.

டீச்சர் அதைக் கவனித்தார். பதினோரு மணிக்கு நான் டீ கொண்டுபோனபோது சுடலைமணியின் கிளாசைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ‘எனக்கு ஒரு கிளாஸ் டீ தாருங்கள்’னு அரபியில கேளுங்க. தாரேன்.”

டீச்சர் அந்த வாக்கியத்தை ஒரு தரம் சொல்லிக் காட்டினார்.

சுடலைமணி சிரித்தார். அவர் வாயில் நுழையாத வார்த்தையா? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“தெளிவா இல்ல. இன்னொரு தடவ.”

சொன்னார்.

“முதல் வார்த்தை தப்பு. என் வாயப் பாத்துச் சொல்லுங்க.”

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், எதற்கு மறைக்க வேண்டும்?

“இன்னொரு தடவ, அண்ணாச்சி. நல்லா முயற்சி பண்ணுங்க. உங்களால முடியும்.”

சுடலைமணிக்கு முகம் சிவந்தது. டீயில் ஆடை படிந்தது.

“எனக்கு டீயே வேண்டாம்!” என்று எழுந்துவிட்டார்.

டீச்சர் கிளாசை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“செழியன் பிஸ்கட் கேக்கதை எப்பம் நிறுத்துனான்?”

சுடலைமணி நின்றார்.

“முந்தியெல்லாம் என் கையப் பிடிச்சு டப்பாகிட்ட இழுத்துட்டுப் போவான்” என்றார். “பொங்கல் கழிஞ்சு… பொங்கல் கழிஞ்சு இழுக்கதில்ல.”

கையிலிருந்த பிஸ்கட்டை மகன் பக்கத்தில் வைத்தார். அன்றைக்கு ஊருக்குள் விளம்பரம் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் வந்த வேலையைப் புரிந்துகொண்டார். டீச்சர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: அவன் செய்வதைச் செய்யுங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு சும்மா இருங்கள்.

மூன்றாவதுதான் கஷ்டம்.

செழியன் ஒரு கிளிப் மாட்டுவான். சுடலைமணி ஒரு கிளிப் மாட்டுவார். “செவப்பு” என்பார். உதட்டைக் கடித்துக்கொள்வார். மனசுக்குள் பத்து வரை எண்ணுவது கழுத்து நரம்பில் தெரியும். சில நாள் ஏழோடு உடைந்துபோய் “சொ…” என்று ஆரம்பித்து, இருமி மழுப்புவார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடும். படிக்கட்டில் அம்மாக்கள் முறுக்குச் சம்புடத்தைக் கைமாற்றிக்கொண்டு, யார் பிள்ளை நேற்று என்ன செய்தது என்று பேசுவார்கள். பிள்ளை தண்ணீர்ப் படத்தைக் காட்டித் தண்ணீர் வாங்கிக் குடித்ததை ஒருத்தி பரீட்சையில் பாசான மாதிரிச் சொல்லுவாள். நாங்கள் எல்லோரும் அதற்குச் சந்தோஷப்படுவோம். வெளியே போனால் அந்தச் சந்தோஷம் ஒருத்தருக்கும் புரியாது. அப்படி ஒரு படிக்கட்டு பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

பதினெட்டாம் நாள் சுடலைமணி ஒரு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டாமல் மின்விசிறியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். களைப்புதான்.

செழியன் காத்திருந்தான். பிறகு அவர் முழங்கையைப் பிடித்துப் பாய்ப் பக்கம் தள்ளினான். தள்ளிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான்.

சுடலைமணி மாட்டினார். அவன் அடுத்ததை மாட்டினான்.

“டீச்சர்” என்று சலித்துக்கொண்டார், “பதினெட்டு நாள் ஆச்சு. இன்னும் பேசலையே.”

“இப்பம் பேசினானே.”

“எப்பம்?”

“கையத் தள்ளினான்லா? என்ன சொன்னான்?”

“என்ன சொல்லுவான்… ஏன் சும்மா இருக்க, உன் முறைதான, மாட்டுன்னான்.”

சொல்லிவிட்டு அப்படியே வாயைத் திறந்தபடி இருந்தார். டீச்சர் எழுந்து போய்விட்டார்.

ஆனால் குவைத்தில் இருக்கிற அவன் அம்மா ஜெயசெல்விக்கு இதெல்லாம் யார் சொல்லுவது?

அவளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. வீடியோவில் கூப்பிடுவாள். அந்த வாரம் பயிற்சி நேரத்தில் கூப்பிட்டாள். சுடலைமணி போனைத் தண்ணீர்ப் பானையில் சாய்த்து வைத்தார்.

“செழியா! அம்மா பேசுதேன். அம்மா சொல்லு. அம்மாவ மறந்துட்டியா? இங்க பாரு, அம்மா சொல்லு.”

செழியன் போனைக் கவிழ்த்துவிட்டான்.

சுடலைமணி நிமிர்த்தி வைத்தார். “செல்வி, இன்னைக்கு ஒண்ணும் கேக்காத. நாங்க விளையாடுதோம். நீ பாத்துட்டு மட்டும் இரு.”

“பாத்துட்டு இருக்கதுக்கா நான் இங்க வந்து கிடக்கேன்?” என்று அவள் அழுதாள். “ரெண்டு வருஷமா எனக்கு இந்தப் போன் கண்ணாடிதான் பிள்ளை. ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு இதெல்லாம்?”

போன் அணைந்தது. அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் அவள் கூப்பிடவில்லை.

சுடலைமணி டீச்சரிடம் வந்து நின்றார்.

“அவளும் போயிட்டா, இவனும் பேசல. நான் யாருக்குப் பதில் சொல்ல, டீச்சர்?”

டீச்சருக்கும் கண் கலங்கியிருந்தது. பெரிய ஞானிக்கெல்லாம் கலங்குமோ என்னவோ, எங்கள் டீச்சருக்குக் கலங்கும்.

“தெரியல, அண்ணாச்சி” என்றார். “வாங்க, அவன் காத்துட்டு இருக்கான்.”

நாற்பதாம் நாள் ஜெயசெல்வி வந்தாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல், காரோடு பாத்திரக்கடை வாசலில் வந்து நின்றாள். பெட்டிகள் காரிலேயே இருந்தன. இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தாள்.

“செழியா! அம்மாடா! அம்மா வந்துட்டேன் பாரு! யாரு வந்திருக்கா சொல்லு!”

வாரி எடுத்தாள். செழியன் வளைந்து, கூச்சலிட்டு, நழுவி இறங்கினான். காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

அவள் கை விரித்தபடியே இருந்தது. பெற்றவள் கையை அப்படி வெறுமையாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் குனிந்துகொண்டேன்.

“மறந்துட்டான்” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “கேக்காத, கேக்காதன்னு நீங்கதான் இப்படி ஆக்கிட்டீங்க. நீங்களாவது ‘அம்மா, அம்மா’ன்னு சொல்லிக் குடுத்திருந்தா…”

ஊர் முழுக்கக் கேட்கப் பேசுகிற மனுஷர் மூலையில் செழியனுக்குப் பக்கத்தில் பாயை இழுத்துப் போட்டார். ஒரு கிளிப்பை எடுத்து ஓரத்தில் மாட்டினார். சும்மா இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் செழியன் காதில் இருந்து ஒரு கையை எடுத்தான். ஒரு கிளிப் மாட்டினான்.

ஜெயசெல்வி பாயின் மறு கோடியில் உட்கார்ந்தாள். அழுகை முடிந்து, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் முறுக்குச் சம்புடம்கூட நின்றுவிட்டது.

சிவப்பு, பச்சை, மஞ்சள். வரிசை நகர்ந்து வந்தது. அவளுடைய ஷால் பாயின் ஓரத்தை மறைத்துக்கொண்டு கிடந்தது.

செழியன் கை நின்றது. வழியில் எது கிடந்தாலும் தள்ளிவிட்டு மாட்டுகிற பிள்ளை அவன். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

ஷாலின் நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தான். ஒரு கிளிப்பை அதில் மாட்டினான். அவள் முகத்தைப் பார்த்தான்.

அவள் அசையவில்லை.

இரண்டாவது கிளிப் மாட்டினான். பார்த்தான்.

மூன்றாவதை மாட்டிவிட்டு ஷாலை லேசாக இழுத்தான். பார்த்தான்.

ஜெயசெல்வி தலையைத் தூக்கி டீச்சரிடம் கேட்டாள்.

“டீச்சர், இவன் என்னைக்காவது என்னைக் கூப்பிடுவானா?”

டீச்சர் சுடலைமணியைப் பார்த்தார்.

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் அவரிடம் கேட்டதே இல்லை. அவ்வளவு மெதுவாகச் சொன்னார்:

“மூணு தடவ கூப்பிட்டுட்டான், செல்வி. நீதான் இன்னும் ‘என்ன ராசா’ன்னு கேக்கல.”