தோலுக்கடியில் ஒளித்த தண்ணீர்

முன்னொரு காலத்தில், வெயிலுக்குப் பேர்போன நாட்டில் ஒரு மன்னர் தம் வாளை உறையிலிருந்து உருவினார். மழையில் நனைந்த வாள் துருப்பிடித்திருந்தது.

"தண்ணீர் பட்டால் இரும்பே இப்படி ஆகிறது! என் வீரர்களின் உடம்பும் இரும்பல்லவா? இனிப் பொழுது சாயும்வரை பயிற்சிக்களத்தில் ஒரு சொட்டு நீரும் தென்படக் கூடாது. யாரிடம் தென்பட்டாலும் தலை போகும்!" என்றார்.

படைத்தலைவர் கோளரியாருக்கு அரசவை விகடர் அஞ்சாதகண்டனைக் கண்டாலே ஆகாது. "அரசே, களத்துக்கு இவரையே காவல் வையுங்கள். ஒரு சொட்டைக் கண்டும் விட்டுவிட்டால் இவர் தலையை எடுத்துவிடலாம்" என்றார். மன்னரும் சம்மதித்தார்.

பெயர்தான் அஞ்சாதகண்டன். மனிதருக்குத் தம் நிழலைக் கண்டாலும் பயம்.

மறுநாள் இருநூறு வீரர்கள் கர்லாக்கட்டை சுழற்றிவிட்டுக் கோட்டையைச் சுற்றி ஓடினார்கள். விகடர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"விகடரே, ஒரே ஒரு மிடறு..." என்றான் ஒருவன்.

"என் தலை, தம்பி, என் தலை!" என்றார். சொல்லிவிட்டு நான்கு அடி நடந்தவர், அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். கொடுத்தால் தம் உயிர் போகும், கொடுக்காவிட்டால் இவன் உயிர் போகும். என்ன செய்வதென்று புரியவில்லை.

மூன்றாம் சுற்றில் சேந்தன் என்ற வீரன் தள்ளாடி விழுந்தான். விகடர் தொட்டுப் பார்த்தார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. ஆனால் வியர்வையே இல்லை. அவனை மரநிழலில் கிடத்திவிட்டு அரண்மனைக்கு ஓடினார்.

"அரசே! களத்தில் தண்ணீர் பிடிபட்டது! ஒருவரைத் தவிர எல்லோரிடமும்! தோலுக்கடியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்!"

"பார்த்தீர்களா, இவர் காவல் காத்த அழகை!" என்று கோளரியார் துள்ளினார்.

மன்னர் களத்துக்கு விரைந்தார். விகடர் ஒரு வீரனின் மேல்துண்டை வாங்கிப் பிழிந்தார். நீர் சொட்டியது.

"அது வியர்வையய்யா!" என்றார் மன்னர்.

"சொட்டு என்றுதானே ஆணை, அரசே? நூற்றுத் தொண்ணூற்றொன்பது தலைகளையும் எடுத்துவிடலாம். மிஞ்சுபவர் மரநிழலில் கிடக்கும் இவர் ஒருவரே. உங்கள் ஆணையை முழுதாகக் காத்தவர். தொட்டுப் பாருங்கள்."

சேந்தனைத் தொட்ட மன்னர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சேந்தனுக்கு எதிரில் நிற்பவர் யாரென்றே தெரியவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவாரோ, எனக்குத் தெரியாது, அரசே. பயமாக இருக்கிறது" என்றார் விகடர்.

"தண்ணீர்! ஓடுங்கள்!" என்று மன்னர் கத்தினார்.

தலையிலும் மார்பிலும் குடம் குடமாக ஊற்றினார்கள், விசிறினார்கள். வெகுநேரம் கழித்துச் சேந்தன் கண்விழித்தான்.

"இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறதே, ஐயா..."

"ஓட வேண்டாமப்பா. குடி. மெதுவாகக் குடி" என்று மன்னரே செம்பைப் பிடித்தார். "இனிச் சுற்றுக்கு ஒருமுறை எல்லோரும் குடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும்!"

விகடர் மன்னரின் காதருகே குனிந்தார். "அரசே, பழைய ஆணை நடப்பில் இருந்தபோதே, அதோ, படைத்தலைவர் மூக்கில்..."

கோளரியாரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் பதறித் தலைப்பாகையால் முகத்தை மூடினார். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி விகடர் கழுத்தில் போட்டார்.

"மாலை இருக்கட்டும், அரசே. காலையிலிருந்து நானும் இந்தக் களத்தில்தான் நிற்கிறேன். ஒரு செம்பு தண்ணீர் கிடைக்குமா?"

மன்னர் சிரிப்பு அடங்காமலே கோளரியாரைப் பார்த்து, "மொண்டு கொடும்!" என்றார்.