வடிவு பின்னிய கட்டம்

நொச்சிக்குளத்துக் கரையில் ஒரு பின்னல் கூட்டம் இருந்தது. வெயில் சாய்ந்ததும் புன்னை மரத்தடியில் கூடுவார்கள். கற்றாழை நாரை ஊறவைத்துத் திரித்தால் நூல். வளைந்த இலந்தை முள் ஒன்று கிடைத்தால் கொக்கி. நூலைக் கொக்கியில் மாட்டி, கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துப் பின்ன வேண்டும். கை பின்னும், வாய் ஊர்வம்பு பேசும்.

அந்தக் கூட்டத்தில் வடிவு என்ற அணில்தான் முதல் கை. அதை அவளே சொல்வாள். மற்றவர்களும் சொல்வார்கள். சொல்லாவிட்டால் சொல்லும்வரை விடமாட்டாள்.

ஒரு வருஷம் வயல் காய்ந்துபோனது. அங்கிருந்த சிலம்பாயி என்ற நண்டு குளத்தங்கரைக்குக் குடிவந்தாள். சில நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தானும் ஒரு முள்ளை எடுத்துக்கொண்டாள்.

"கொடுக்கை வெச்சுக்கிட்டுப் பின்ன வந்துட்டியா? நூலை நறுக்கிப்புடாத, தாயே," என்றது மைனா.

எல்லோரும் சிரித்தார்கள். வடிவுதான் அதிக நேரம் சிரித்தாள். நண்டு பின்னிக் காட்டியதும் சிரிப்பு நின்றது. ஒரு கண்ணி பெரிசு, ஒரு கண்ணி சிறிசு என்று குறை சொல்ல இடமில்லை.

"நம்ம வடிவு பின்னுன மாதிரியே இருக்கே," என்றது ஓணான்.

"மாதிரி என்ன மாதிரி? அதுக்கு ஒரு படி மேல," என்றது மைனா.

அன்று பிடித்தது வடிவுக்கு வயிற்றெரிச்சல். பழம் இறங்கவில்லை. கொட்டை கசந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு கொக்கு வந்து இறங்கியது.

"பெரிய மடுவுக்கு நிழல் கொடுத்த மருத மரம் புயல்ல சாஞ்சிருச்சு," என்றது கொக்கு. "கோடையில தண்ணி கொதிச்சா அதுல இருக்கிற குஞ்சு குளுவான் ஒண்ணும் மிஞ்சாது. சுத்துவட்டாரத்துப் பின்னல் கூட்டமெல்லாம் ஆளுக்கொரு கட்டம் பின்னுறாங்க. எல்லாத்தையும் இணைச்சு ஒரே விரிப்பா மடுவுக்கு மேல கட்டப்போறோம். நீங்களும் சேர்றீங்களா?"

"சேர்றோம்," என்றாள் வடிவு. மற்றவர்கள் அப்போதுதான் வாயைத் திறந்தார்கள்.

"நல்லது. ஆமை ஓடுதான் அளவு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நான் வந்து பார்த்து வாங்கிக்கிறேன். எது ரொம்ப நல்லா இருக்கோ அது நடுவுல வரும்."

கொக்கு பறந்துவிட்டது. 'நடுவுல' என்ற சொல் மட்டும் வடிவின் காதிலேயே உட்கார்ந்துகொண்டது. நடுக்கட்டம் சிலம்பாயியுடையது என்றால் என்ன ஆகும்? எல்லாக் குளத்துக்காரர்களும் அண்ணாந்து பார்த்து, "யார் கை வேலை இது?" என்பார்கள். நேற்று வந்த நண்டின் பேரைச் சொல்வார்கள். அப்புறம் இந்தக் கூட்டத்தில் வடிவு யார்? நூல் திரிக்கிறவர்களில் ஒருத்தி.

மறுநாள் வடிவு நண்டுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கை தன் நூலில் இருந்தது. கண் நண்டின் கொடுக்கில் இருந்தது. நண்டு ஒரு கண்ணி இழுத்தால் இவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெடுக்கென்று இழுப்பாள். கண்ணி முடிச்சாக இறுகும்.

கட்டம் முடிந்தது. கரையில் படுத்திருந்த கிழட்டு ஆமையின் முதுகில் விரித்தாள். சுற்றிலும் ஓடு தெரிந்தது.

"நார் சரியில்ல," என்றாள். வேறு நார் எடுத்துப் பின்னினாள். இன்னும் சிறிசாக வந்தது.

"முள்ளு சரியில்ல. ஏ சிலம்பாயி, உன் முள்ளைக் கொடு."

நண்டு மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அதைவிடச் சிறிசாக வந்தது.

"அண்ணே, உன் ஓடு வளந்துபோச்சு," என்றாள் ஆமையிடம்.

"இந்த வயசுல நான் எங்கம்மா வளர்றது? கொஞ்சம் மூச்சு விட்டுப் பின்னு," என்றது ஆமை.

கொக்கு வரும் நாளும் வந்தது. நண்டு உடம்பை நனைக்கத் தண்ணீருக்குள் இறங்கினாள். அவள் கட்டம் புன்னை வேரில் கிடந்தது. வடிவு இந்தப் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தாள். நண்டின் கட்டத்தை எடுத்துக்கொண்டாள். தன்னுடையதை அங்கே போட்டாள். அவ்வளவுதான்.

கொக்கு வந்து ஒவ்வொன்றாக ஆமை முதுகில் போட்டுப் பார்த்தது. மைனாவுடையது சரி. ஓணானுடையது சரி. வடிவு நீட்டியதைப் பார்த்ததும் கழுத்தை நீட்டியது.

"இதுதான் நடுக்கட்டம். இன்னொண்ணு பார்க்க வேண்டியதே இல்ல."

வடிவின் வால் மேலே எழும்பியது.

நண்டு தன் இடத்தில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்தாள். "இது நான் பின்னுனது இல்லையே," என்றாள்.

"உன் இடத்துல கிடந்தா உன்னுதுதானே? இத்தனை வருஷமா நான் பின்னுறேன். என்னுதை என்னுதுன்னு சொல்ல உன்னைக் கேக்கணுமா?" என்றாள் வடிவு.

மைனா கீழே பார்த்தது. ஓணான் தலையை ஆட்டியது. அது எதற்கும் ஆட்டும். நண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "சரி," என்றாள்.

"அப்ப கிளம்பு, வடிவு," என்றது கொக்கு. "நடுக்கட்டம் பின்னுன கைதான் மொத்த விரிப்பையும் இணைக்கணும். அதுதான் எங்க ஏற்பாடு."

எழும்பிய வால் தொங்கிவிட்டது. மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வடிவு போனாள். பின்னல் கூட்டமும் ஆமையும் கூடவே போனார்கள். தன் இடத்தில் கிடந்த சின்னக் கட்டத்தையும் நண்டு எடுத்துக்கொண்டாள்.

மடுக்கரையில் கட்டங்கள் மலைபோலக் கிடந்தன. வடிவு ஒரே நூலால் ஒன்றோடொன்று இணைக்கத் தொடங்கினாள். எதிரே நண்டு உட்கார்ந்திருந்தாள். சும்மா பார்த்தாள். அது போதுமே. வடிவின் பல் கடிபட்டது. கை வெடுக்கென்று இழுத்தது. வரிசைக்கு வரிசை இறுகிக்கொண்டே போனது.

மரத்தில் கட்ட வந்திருந்த குரங்குகள் விரிப்பைத் தூக்கின. பொரித்த அப்பளம் மாதிரி அது சுருண்டு நின்றது. மூலைகள் மரத்துக்கு எட்டவில்லை. பாதி மடுவில் வெயில் காய்ந்தது. மீன்குஞ்சுகள் எல்லாம் ஒரு மூலை நிழலுக்கு முண்டியடித்தன.

"என்ன வடிவு இது?" என்றது கொக்கு.

"காத்து," என்றாள் வடிவு. ஓர் இலைகூட அசையவில்லை.

ஆமை மெதுவாக வந்தது. நண்டு கொண்டுவந்த சின்னக் கட்டத்தை எடுத்து, தாழத் தொங்கிய ஓர் இணைப்புக்குப் பக்கத்தில் வைத்தது. இரண்டிலும் கண்ணிகள் ஒரே மாதிரி இறுகிக் கிடந்தன.

"ரெண்டும் ஒரே கை," என்றது ஆமை. "என் முதுகுல இதைப் பல தடவை பார்த்தாச்சு."

"அப்ப நடுவுல இருக்கிறது?" என்று கேட்டது கொக்கு.

வடிவு காதைத் தொங்கப்போட்டாள். "அவளுது," என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கேட்டது.

யாரும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை, தண்ணீர் சுட ஆரம்பித்துவிட்டது. விரிப்பை இறக்கினார்கள். நண்டு நூலின் கடைசி நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தாள். கொக்கிப் பின்னல் அல்லவா, இணைப்பு முழுக்கச் சரசரவென்று அவிழ்ந்தது. எல்லோரும் ஆளுக்கொரு ஓரம் பிடிக்க, நண்டு திரும்பவும் இணைத்தாள். வடிவின் சின்னக் கட்டத்தை எங்கே வைத்தாலும் சேரவில்லை. அது வர வேண்டிய இடத்துக்கு, அடுத்த குளத்துத் தவளை ஒன்று தான் கூடுதலாகப் பின்னியதைக் கொடுத்தது.

இந்தத் தடவை மூலைகள் மரத்தை எட்டின. மடு முழுக்க நிழல் விழுந்தது. மீன்குஞ்சுகள் பரவி நீந்தின.

"வா வடிவு, வெயில்ல என்ன நிக்கிறே? உள்ள வந்து உட்காரு," என்று நண்டு கூப்பிட்டாள்.

வடிவு போய் உட்கார்ந்தாள். எல்லோரும் மேலே காட்டி, இது என்னுது, அது உன்னுது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளால் மட்டும் அண்ணாந்து பார்க்க முடியவில்லை.

அடுத்தவர் கையையே பார்த்துப் பொறாமையில் வேகிறவருக்குத் தன் கைவேலை சுருங்கிப்போவதுதான் மிச்சம்.