விரல் காட்டிய பல்

ஒரு ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரி இருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிசாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கு மேல் மாடியில் இரண்டே அறை. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு டாக்டர். டாக்டர் பெயர் ஜெயசிங்.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் குறடும் வாய்க்கண்ணாடியும் ஒட்டிப் படுத்திருக்கும். குறடு, பல் பிடுங்குகிற சாமான். வாய்க்கண்ணாடி, நீளக் காம்பின் நுனியில் ரூபாய்க் காசு அகலத்துக்கு இருக்கிற குட்டிக் கண்ணாடி. அதை வாய்க்குள் விட்டுத்தான் டாக்டர் மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்.

குறடுக்குத் தன் பிடியைப் பற்றி ரொம்பப் பெருமை.

"நான் கவ்வினா விட்டதா சரித்திரம் இருக்கா? எந்தப் பல்லுன்னு விரலைக் காட்டட்டும். அஞ்சு நிமிஷம். வெளியே!" என்று அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

வாய்க்கண்ணாடிக்குப் பேச்சுக் குறைவு. கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா கிடக்கும்.

ஒருநாள் சொர்ணக்கிளி என்ற ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். ஜாக்கெட் தைக்கிறவள். கல்யாண ஜாக்கெட் என்றால் அந்த வட்டாரத்தில் அவள்தான். கழுத்தோரம் கண்ணுக்குத் தெரியாத தையல் போடுவாள். நாற்பத்தாறு வயதிலும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். அவளுக்குக் கண்தான் சோறு.

அவளுக்கு வலித்தது மேல் கடைவாய்ப் பல். ஆனால் அவள் விரல் கீழ்ப் பல்லைக் காட்டியது.

"இதுதான் சார். இதைப் பிடுங்கிருங்க."

ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்பீர்கள். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் நரம்பு அறுந்து பார்வை போய்விடும் என்று அவள் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேரும் கேட்டிருப்பீர்கள். மேல் பல் ஈறு வீங்கினால் கண்ணும் சேர்ந்து மூடிக்கொள்கிறதே, அப்புறம் எப்படி நம்பாமல் இருப்பது?

அதனால் அவள் ஒரு கணக்குப் போட்டாள். வாயை மூடும்போது கீழ்ப் பல் வந்து மேல் பல்லில் மோதுகிறது. மோதும்போதுதான் உயிர் போகிறது. மோதுகிறவனை எடுத்துவிட்டால்? மேல் பல் பாட்டுக்கு மேலே இருக்கும், கண் பாட்டுக்குக் கண் இருக்கும். தையல்காரி கணக்கு. ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் விட்டுக்கொடுப்பது.

இதை டாக்டரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சம். படித்தவர், சிரிப்பாரோ என்று.

"கீழதானா? நல்லாத் தெரியுமா?" என்று டாக்டர் கேட்டார்.

"என் வாய் எனக்குத் தெரியாதா சார்?"

டாக்டர் வாய்க்கண்ணாடியை விட்டுப் பார்த்தார். கீழ்ப் பல்லில் பழுப்பாக ஒரு கறை. அதைச் சொத்தை என்றும் சொல்லலாம், கறை என்றும் சொல்லலாம். படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அப்போதெல்லாம் பல் எக்ஸ்ரேக்குப் பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். அவள் தைக்க வேண்டிய ஜாக்கெட்டையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். வெளியே பெஞ்சில் ஒன்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஊசி போட்டார். குறடை எடுத்தார். குறடு சொன்னபடி அஞ்சே நிமிஷத்தில் வேலையை முடித்தது.

அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டு போன பிறகு, ரத்தக் கிண்ணத்தில் கிடந்த பல் மெதுவாகப் பேசியது.

"ஏலே குறடு. நான் என்னலே தப்பு செஞ்சேன்?"

குறடு திரும்பிப் பார்த்தது. பல் முழுசாக இருந்தது. இரண்டு வேரும் தந்தம் மாதிரி வழவழவென்று நீண்டிருந்தன. பழுப்புக் கறை வெறும் கறைதான். தேய்த்தால் போயிருக்கும்.

"நீ... நீ நல்ல பல்லா?"

"முப்பது வருஷத்துக்கு மேல முறுக்கு கடிச்சிருக்கேன், கரும்பு கடிச்சிருக்கேன். ஒருநாள் கூசினதில்ல. நீ என் கழுத்தைப் பிடிச்சப்போ எவ்வளவு மல்லுக்கு நின்னேன்! சொத்தைப் பல்லு அப்படி நிக்குமாலே? அதுகூடவா உனக்குத் தெரியல?"

குறடுக்குத் தெரிந்திருந்தது. கையில் ஏறிய பாரத்திலேயே தெரிந்திருந்தது. ஆனால் அதைத் தன் பலம் என்று நினைத்துக்கொண்டது.

"வாய்க்காரிதான காட்டினா" என்று முனகியது.

"அவ விரலைக் கேட்டே. என்னைக் கேட்டியா?"

குறடு வாய்க்கண்ணாடி பக்கம் திரும்பியது. "ஏ கண்ணாடி, நீயாவது பார்த்திருப்பியே!"

வாய்க்கண்ணாடி புகை படிந்த மாதிரி மங்கிப்போய்க் கிடந்தது.

"பார்த்தேன்" என்றது. "உள்ள போகும்போதே மேல் பல்லுல, ரெண்டு பல்லுக்கு நடுவுல ஒரு நிழல் தெரிஞ்சுது. ஒரு கண்சிமிட்டல்தான்."

"சொல்லவேண்டியதுதான?"

"என்கிட்ட கீழ்ப் பல்லைத்தான் கேட்டாங்க."

அன்று டாக்டர் சாமான்களையெல்லாம் கிருமி சாக ஆவிப் பெட்டியில் போட்டு வேகவைத்தார். குறடும் கண்ணாடியும் தினமும் வேகிறவைதான். ஆனால் அன்று வெந்த மாதிரி ஒருநாளும் வெந்ததில்லை. அப்புறம் யாராவது நாற்காலியில் உட்கார்ந்து விரலைக் காட்டினால் குறடு தட்டின் ஓரத்துக்கு ஒதுங்கப் பார்க்கும். முன்பு மாதிரி வாய் அளக்கவில்லை.

இரண்டு மாதம் போனது. ஆஸ்பத்திரிக்குப் புது ஆட்கள் வந்தார்கள். பேனா தடிமனில் ஒரு கேமரா. கூடவே எக்ஸ்ரேக்கு ஒரு வில்லை, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. இரண்டும் பார்க்கிறதைக் காட்ட, நாற்காலிக்கு எதிரே டிவி மாதிரி ஒரு திரை.

கேமரா வந்த வேகத்தில் துள்ளியது.

"என்னய்யா, நீங்க இத்தனை வருஷமா காசு அகலக் கண்ணாடியை வச்சுட்டா பார்த்தீங்க? நான் ஒரு பல்லைப் பலாப்பழம் அளவுக்குக் காட்டுவேன்!"

"நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன்" என்றது குறடு. கேமராவுக்கு அது புரியவில்லை.

அந்த வாரத்திலேயே சொர்ணக்கிளி திரும்ப வந்தாள். முகம் பாதி வீங்கியிருந்தது. மேல் பல் அவளை விடவில்லை. ஒருத்தனை எடுத்தாலும், பக்கத்துக் கீழ்ப் பல் வந்து மோதிக்கொண்டுதான் இருந்தது. கிராம்புத் தைலம் வைத்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். இரண்டு ஜாக்கெட்டில் இடது கை வலது கை மாற்றித் தைத்துத் திட்டு வாங்கினாள். சொன்ன பொய்யை நினைத்து வெட்கப்பட்டே இத்தனை நாள் படியேறாமல் இருந்தாள்.

வெட்கப்பட்டவள் இப்போதாவது உண்மையைச் சொல்வாள் என்று நினைப்பீர்கள். வெட்கம் அப்படி வேலை செய்வதில்லை. முதல் பொய்யை மறைக்க இரண்டாவது பொய்தான் முன்னால் வந்து நிற்கும்.

"அதுக்குப் பக்கத்துப் பல்லு சார்" என்றாள். விரல் மறுபடியும் கீழேயே போனது. "இதையும் எடுத்துருங்க."

தட்டில் குறடு நடுங்கி, எவர்சில்வரில் கிணுகிணுவென்று சத்தம் வந்தது. "இன்னொரு நல்ல பல்லா? ஐயோ, என்னைத் தூக்கிராதீங்க! கண்ணாடி, இப்பவாவது வாயைத் திற!"

டாக்டர் கை குறடு பக்கம் வரவில்லை. கேமராவை எடுத்தது.

"முதல்ல பார்த்துருவோம்மா."

கேமரா உள்ளே போனது. அவள் காட்டிய கீழ்ப் பல் திரையில் வந்து நின்றது. வெள்ளை வெளேரென்று, சோப்புப் போட்டுத் துவைத்த மாதிரி.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் டாக்டர். கேமராவை மேலே திருப்பினார்.

சொர்ணக்கிளி சடக்கென்று வாயை மூடினாள்.

"யம்மா! கடிச்சிட்டா!" என்று அலறியது கேமரா. "நான் என்ன முறுக்கா?"

டாக்டர் அவளைத் திட்டவில்லை. கேமராவை வெளியே எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, திரையை அவள் பக்கம் முழுசாகத் திருப்பினார்.

"நான் பார்க்கல. நீங்க பாருங்க. எப்ப வேண்டாம்னு தோணுதோ கையைத் தூக்குங்க, எடுத்துர்றேன்."

அவள் யோசித்தாள். அப்புறம் வாயைத் திறந்தாள். கேமரா இந்தத் தடவை துள்ளாமல், பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்குள் நுழைகிற மாதிரி மெதுவாக நுழைந்தது. மேல் பல்லில், பக்கத்துப் பல்லை ஒட்டினாற்போல் கறுப்பாக ஒரு ஓட்டை. ஊசிக் காது அளவு. அவளுக்கு அளவு சொல்லித் தரவேண்டுமா?

"அய்ய, இதுவா என்னை இந்தப் பாடு படுத்துது!"

பிறகு வில்லையை வைத்து ஒரு படம். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி கழுவவும் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். அவள் எச்சில் விழுங்குவதற்குள் படம் திரைக்கு வந்துவிட்டது. டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"இது சொத்தை. இது நரம்பு வரைக்கும் இறங்கிருச்சு. இதுதான் வேர் முடியற இடம். இதுக்கு மேல எலும்பு."

சொர்ணக்கிளி படத்தை மேலும் கீழும் துழாவினாள். இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது.

"கண்ணு எங்க சார்?"

"கண்ணா? கண்ணு இந்தப் படத்துலயே இல்லம்மா. அது எவ்வளவோ மேல."

"அப்ப இந்தப் பல்லுல கை வச்சா..."

"கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அதுவும் இதைப் பிடுங்கவே வேண்டாம். உள்ள சுத்தம் பண்ணி, அடைச்சு, மேல தொப்பி மாதிரி ஒரு உறை போட்டுரலாம்."

அவள் சிரித்தாள். அப்படியே சிரிப்பு நின்றது. திரையின் கீழ் ஓரத்தில் கேமரா எடுத்த இன்னொரு சின்னப் படம் இருந்தது. அதில் ஒரு காலி இடம்.

கேமரா அதை இப்போதுதான் கவனித்தது. துள்ளல் எல்லாம் அடங்கியது. "இதை மறைச்சிரட்டுமா?" என்று குறடைப் பார்த்துக் கிசுகிசுத்தது.

"காட்டு" என்றது வாய்க்கண்ணாடி. தன்னிடம் யாரும் கேட்காமல் அது பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சார்" என்றாள் சொர்ணக்கிளி. "அன்னைக்கு எடுத்தீங்களே, அது?"

டாக்டருடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. பேசாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது?

"அது நல்ல பல்லும்மா."

"நான்தான சார் அதைக் காட்டுனேன். வேணும்னேதான் காட்டுனேன். மேல எடுத்தாக் கண்ணு போயிரும்னு..."

"நீங்க காட்டுனீங்க. பார்க்க வேண்டியவன் நான்." கையுறையைக் கழற்றினார். "எதுக்குக் கீழ காட்டுறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்கம்மா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரும் குனிந்துகொண்டார். திரை மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாலு தடவை வந்துபோனதில் மேல் பல் பிழைத்தது. தொப்பிக்கு அளவெடுக்க, அப்புறம் வந்துசேர்ந்த கேமராவின் அண்ணன் ஸ்கேனர் வாய்க்குள் போனான். முன்னே மாதிரி அச்செடுக்க வாய் நிறைய மாவை அப்பிக் குமட்டவைக்கவில்லை. கடைசி நாள் அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு ஊசியில் நூல் கோத்துப் பார்த்தாள். ஒரே குத்தில் போனது. கீழே அந்தக் காலி இடம் மட்டும் காலியாகத்தான் இருந்தது. அதற்கு எந்தக் கேமராவும் வழி சொல்லவில்லை.

அவள் படியிறங்கிப் போன பிறகு, பழைய கதையைக் குறடு சொல்லி அறிந்திருந்த கேமரா கேட்டது. ஏளனமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"கண்ணாடி அண்ணே, அன்னைக்கு அந்த நிழலை நீங்கதான் முதல்ல பார்த்தீங்க. அந்தம்மாவுக்குக் காட்டியிருந்தா அவங்களே விரலை மாத்தியிருப்பாங்களே?"

வாய்க்கண்ணாடி எதிரே இருந்த திரையைப் பார்த்தது.

"நான் முகம் காட்டுறது டாக்டருக்கு மட்டுந்தான் தம்பி" என்றது. "வாய்க்குச் சொந்தக்காரங்க இத்தனை வருஷமா பார்த்தது என் முதுகைத்தான்."