பேச்சுப் பாறையில் ஏலம் போனது

மூக்கு நிறைய முள்ளோடு ஒரு காட்டுப்பூனை வந்து நியாயம் கேட்கிற இடம் இந்தக் கதையில் இருக்கிறது. அங்கே நன்றாகச் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் மரங்கொத்தியின் கவலையைக் கேட்டுவிடலாம்.

குளக்கரை மருதமரத்தில் அந்த மரங்கொத்தி ஏலம் நடத்தி வந்தது. அது ஒரு தினுசான ஏலம். விற்கிறவர் பொருளை மரத்தடியில் வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். வாங்குகிறவர் புதருக்குள் இருந்தபடியே விலை கேட்க வேண்டும். குரல் மட்டும்தான். முகம் கிடையாது, பேர் ஊர் கிடையாது.

மான் உதிர்த்த கொம்பைச் சிறுத்தை ஆசையாக வாங்கிப் போனது. யாரிடம் வாங்கினோம் என்று அதற்குத் தெரியாது. தெரியாததால்தான் மான் உயிரோடு இருந்தது.

"ஒருதரம், இரண்டு தரம், மூணு தரம்" என்று சொல்லி மரங்கொத்தி அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டும். பொருள் கைமாறும். அவ்வளவுதான், புதர்கள் காலியாகிவிடும்.

அந்தக் காலிப் புதர்களைப் பார்த்துத்தான் மரங்கொத்தி புலம்பியது. "வர்றாங்க, வாங்குறாங்க, போறாங்க. நின்னு ஒரு வார்த்தை பேசுறாங்களா? நாளைக்கே அக்கரையில ஒருத்தன் ஏலம் ஆரம்பிச்சா மொத்தமும் அங்க போயிடும்."

யோசித்தது. மரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்பாறை இருந்தது. அதற்குப் பேச்சுப் பாறை என்று பேர் வைத்தது. பாறைக்குப் பின்னால் நின்று யார் வேண்டுமானாலும் தங்கள் கதையைச் சொல்லலாம். புதரில் இருந்து யார் வேண்டுமானாலும் பதில் சொல்லலாம்.

முதலில் எல்லோரும் கூச்சப்பட்டார்கள். பிறகு ஒரு முயல் துணிந்து பேசியது.

"என் நாலு குட்டியில கடைக்குட்டி இன்னிக்குத்தான் முதல்முதலா அருகம்புல்லைக் கடிச்சான். மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. ஏதோ நான் ஏமாத்திட்ட மாதிரி என்னையே முறைக்கிறான்."

புதர்கள் குலுங்கின. மறுநாள் முயல் பேச்சைக் கேட்கவே கூட்டம் வந்தது. ஏலம் முடிந்தும் யாரும் போகவில்லை. மரங்கொத்திக்குக் கொண்டை நிமிர்ந்துவிட்டது.

கூட்டத்தில் ஒரு குரல் வெல்லமாக இனித்தது.

"முயலக்கா, நீங்க சொன்னதை நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். நாலு குட்டியும் நல்லா இருக்கா? வெயில் படாத இடம்தானே?"

"சிவப்புப் புத்துக்குப் பின்னால ஒரு கள்ளிப் புதர் இருக்குல்ல, அங்கதான். நல்ல நிழல்."

மரங்கொத்தி உருகிப்போனது. மேல் கிளையைப் பார்த்து, "கேட்டியாடா? எவ்வளவு அக்கறையா விசாரிக்கிறாங்க!" என்றது.

மேல் கிளையில் கரிச்சான் குருவி இருந்தது. சின்னப் பயல். எந்தக் குரலைக் கேட்டாலும் அச்சு அசலாகத் திருப்பிச் சொல்லும். ஒருமுறை பன்றியின் குரலில் விலை கேட்டு, பாவம், பன்றியின் தலையில் ஒரு குளவிக்கூட்டைக் கட்டிவிட்டது.

"அண்ணே, அந்த வெல்லத்துக்கு அடியில ஒரு உறுமல் இருக்கு. எனக்குக் கேட்குது."

"உனக்கு எல்லாத்துலயும் விளையாட்டு."

"இது விளையாட்டு இல்லண்ணே. பாறையை மூடுங்க."

"இப்பத்தான் கூட்டம் சேர்ந்திருக்கு. வாயை மூடிட்டுப் போடா."

கரிச்சான் போனது. சிவப்புப் புற்று இருந்த பக்கமாகப் பறந்தது. மரங்கொத்தி அதைக் கவனிக்கவில்லை. அன்றைக்கு எத்தனை புதர் அசைந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பாறைக்குப் பின்னால் இருந்து முயலின் குரல் வந்தது.

"நாங்க வீடு மாத்திட்டோம். ஓடையைத் தாண்டினா ஒரு ஆலமரம். வேருக்கடியில வளை. உள்ள ஒரே இருட்டு, தலையை நல்லா நுழைச்சுத்தான் பார்க்கணும்."

"அப்படியாக்கா? ரொம்ப சந்தோஷம்" என்றது வெல்லக் குரல். ஏலம் தொடங்குவதற்குள் அந்தப் புதர் காலி.

பேசியது முயல் இல்லை என்று நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். மரங்கொத்தி கண்டுபிடிக்கவில்லை.

இப்போது சிரிக்கலாம். ஏலம் பாதி நடக்கும்போது காட்டுப்பூனை திறந்தவெளியில் வந்து நின்றது. மூக்கில், மீசையில், முன்னங்காலில் எல்லாம் முள்ளம்பன்றியின் முட்கள்.

"இந்த இடத்துக்கு யாருங்க பொறுப்பு? நீங்கதானே? உங்க பாறையில பொய் சொல்றாங்க. முயல் வளைன்னு நம்பித் தலையை விட்டா, உள்ள முள்ளம்பன்றி குடும்பத்தோட படுத்திருக்கு. இப்படியே போனா எதை நம்பி நாங்க இங்க வர்றது?"

புதர்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

"மன்னிக்கணும், விசாரிச்சு நடவடிக்கை..." என்று மரங்கொத்தி பழக்கதோஷத்தில் பாதி சொல்லிவிட்டது. அப்புறம்தான் அந்தக் குரல் காதில் உறைத்தது. மூக்கு அடைத்திருந்தாலும் அதே வெல்லம்.

அந்த நேரம் பாறைக்குப் பின்னால் இருந்து மரங்கொத்தியின் குரல் கேட்டது. மரங்கொத்தியோ மரத்தில் இருந்தது.

"ஏலத்துக்கு வருது, முயல் வீட்டுக்கு வழி. கேட்டவர் காட்டுப்பூனை. விலை நாலு குட்டி. வித்தவர் மரங்கொத்தி. ஒருதரம்..."

சிரிப்பு நின்றுபோனது.

"இரண்டு தரம்..."

"முயலும் குட்டிங்களும்?" என்று கேட்டது மரங்கொத்தி.

"நேத்தே மலைச்சரிவுக்குக் கூட்டிட்டுப் போயாச்சு" என்றது கரிச்சான், இந்தத் தடவை சொந்தக் குரலில். "மூணாந்தரம் நீங்கதான் தட்டணும்ண்ணே."

மரங்கொத்தியின் அலகு மரத்தைத் தொடவில்லை. கூட்டம் சேர்க்கிறோம் என்று மகிழ்ந்திருந்த நாளெல்லாம் தான் எதை விற்றுக்கொண்டிருந்தோம் என்று, தன் குரலிலேயே கேட்ட பிறகுதான் அதற்குப் புரிந்தது.

நாலு பேரை மனம் திறந்து பேச வைக்கிறவர், மறைவில் இருந்து கேட்கிற ஐந்தாவது ஆள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.